கண்ணாடிக் கடை வாசலில் நின்றவர்

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஏரிக்குப் போகும் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டின் படம். அதன் கீழே நீங்கள் எல்லோரும் எழுதியதை ஒன்று விடாமல் படித்தேன். இதே கம்பெனிக்காரர்கள் முதன்முதலில் பஜாரில் திறந்த சின்னக் கடை ஞாபகம் இருக்கிறதா என்று ஒருத்தி கேட்டாள். உடனே ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டீர்கள். தள்ளுவண்டியில் உட்கார்ந்து சவாரி போனது, பில் மெஷின் கர்ரென்று காகிதத்தைத் துப்பியது, சோப்பு அலமாரிப் பக்கம் போய் மூச்சை இழுத்துவிட்டு எதுவும் வாங்காமல் திரும்பியது. எல்லாம் சரிதான். பிறகு உங்களில் ஒருத்தி எனக்கென்றே எழுதினாள்: "உங்கப்பா எதுத்தாப்புல நின்னு உங்கம்மாவைக் காவல் காப்பாரே, மறக்க முடியுமா!" அதற்குச் சிலர் சிரித்த முகமும் போட்டிருந்தீர்கள்.

கோபப்பட்டேன். சும்மா சொல்லவில்லை, அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நமக்கெல்லாம் பேரன் பேத்தி எடுக்கும் வயது வந்துவிட்டது. இன்னும் அந்தப் பேச்சு ஓயவில்லையே என்று இருந்தது. குழுவில் நாலு வரியில் பதில் போட்டால் சண்டை மாதிரி ஆகிவிடும். அதனால் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

அப்பா எஸ்டேட்டில் மிளகு பறிப்பவராக இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து, உச்சி வரை படர்ந்திருக்கும் கொடியில் பறிக்கிற வேலை. நான் ஐந்தாவது படித்த வருடம் பறிப்பின்போது ஏணியோடு விழுந்தார். வலது கால் முறிந்து, கூடியபோது கட்டையாகக் கூடிவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரியில் அளவெடுத்து ஒரு பூட்ஸ் செய்து கொடுத்தார்கள். அடிப்பாகம் செங்கல் தடிமன், இரண்டு பக்கமும் முழங்கால் வரை இரும்புக் கம்பி, மேலே தோல் வார். அதைப் போட்டால்தான் நடப்பார், நிற்பார். கழற்றிவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டுவார். இடது காலுக்கு மட்டும் சாதாரண ரப்பர் செருப்பு.

மரம் ஏற முடியாதவருக்கு எஸ்டேட்டில் என்ன வேலை? எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் நல்ல மனுஷர். ஆனால் நாங்கள் குடியிருந்த லயன் வீடு எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்குத்தான், ஜூன் மாதத்துக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் சேலத்துக் கம்பெனி பஜாரில் கிளை திறக்கப் போகிறது, படித்த பெண்கள் வேண்டுமாம் என்று செய்தி வந்தது. அம்மா மிஷன் ஸ்கூலில் பத்தாவது வரை படித்தவள். பங்கு ஃபாதர் ஒரு வார்த்தை சொன்னார். கோடை சீசனுக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறோம், சீசன் முடிவில் முதலாளி மலைக்கு வருவார், அவர் பார்த்துச் சொன்னால் நிரந்தரம் என்றார் கடை மேனேஜர். நிரந்தரம் என்றால் பஜாரில் வாடகைக்கு வீடு பிடிக்கலாம். இல்லையென்றால் சாமான்களைக் கட்டிக்கொண்டு சேலத்துக்கு இறங்கி, பெரியம்மா வீட்டு மொட்டை மாடிக் கொட்டகையில் ஒண்ட வேண்டும். எனக்கும் தம்பிக்கும் பள்ளிக்கூடம் அதோடு சரி. அந்த மே மாதம் முழுக்க எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

கடைக்கு இங்கிலீஷில் பெரிதாகப் பெயர் இருந்தது. ஊர் அதைக் கண்டுகொள்ளவில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஆகவே கண்ணாடிக் கடை. பக்கத்து மளிகைக்கடைக்காரர் வந்து வெளியே நின்றபடியே பார்த்துவிட்டு, "வேணுங்கறதை நாமளே எடுத்துக்கறதாமா? அப்பறம் கடைக்காரன் எதுக்குங்க? ஆடி வரைக்கும் ஓடாது" என்று ஜோசியம் சொன்னார். அவருடைய பேரன் இப்போது அதே கம்பெனியில் சேலத்தில் வேலை பார்க்கிறான்.

அம்மாவுக்கு வாசலில் வேலை. உள்ளே போகிறவர்களின் பையை வாங்கி, பின்னால் இருக்கும் கட்டங்களில் வைத்து, நீல நிற பிளாஸ்டிக் டோக்கன் கொடுக்க வேண்டும். கத்தரிப்பூ நிறத்தில் பாலியஸ்டர் சேலை கொடுத்தார்கள். அம்மா அதைத் தினமும் ராத்திரி மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துப் படுப்பாள், இஸ்திரி போட்ட மாதிரி ஆகிவிடும். இடுப்பளவு உயரத்தில் ஒரு மேஜை, அதற்குப் பின்னால் அம்மா. நாற்காலி கிடையாது. கடையில் யாருக்குமே கிடையாது. பில் போடும் பெண்களும் நின்றுகொண்டுதான் போட்டார்கள். அப்போது எனக்கு அதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை, கடையென்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

திறப்பு விழா அன்று காலையில் பிள்ளையார் படம் மாட்டி, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். முதல் பஸ்ஸில் மாரமங்கலத்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். தோட்டக்காரர்கள், பெண்கள், பிள்ளைகள் என்று ஒரு கூட்டம். வெள்ளை டைல்ஸ் தரையைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள். எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்கள்.

மேனேஜர் டை கட்டிய மனிதர். பதறிப்போய் ஓடி வந்தார். "செருப்போடவே வரலாங்க! கழட்ட வேண்டாம்! இது கடைதாங்க!"

தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, இப்பத்தான் சூடம் காட்டுனீங்க. வெள்ளை வெளேர்னு தொடச்சு வெச்சிருக்கறீங்க. சேத்துக் காலோட எப்படிங்க மிதிக்கறது? உங்க ஊட்டுக்குள்ள நீங்க மிதிப்பீங்களா?"

அடுத்து வந்தவர்கள் செருப்புக் குவியலைப் பார்த்துக் கழற்றினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த பஸ்ஸில் வந்த தலைச்சோலை ஊர் ஆட்கள் கழற்றினார்கள். மத்தியானம் மெட்ராஸிலிருந்து சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று, இங்கே இதுதான் வழக்கம் போல என்று ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு ஐஸ்கிரீம் வாங்கியது. ஊரே வெறுங்காலில் சூப்பர் மார்க்கெட் போயிற்று. உங்களில் யாருக்காவது அந்த டைல்ஸின் சில்லிப்பு ஞாபகம் இருக்கிறதா? உள்ளங்காலில் ஏறி முட்டி வரை வரும்.

இரண்டாம் வாரம் கோடை மழை பிடித்தது. மேட்டிலிருந்து வந்த தண்ணீர் வாசல் செருப்புகளை அள்ளிக்கொண்டு சாக்கடை வழியாகப் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டது. ஒரே கூச்சல். ஒற்றைச் செருப்போடு ஆளாளுக்கு மேனேஜரைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் அம்மா காலியான பிஸ்கட் பெட்டிகளை மேஜைக்குப் பக்கத்தில் அடுக்கி, பைக்குக் கொடுப்பது போலச் செருப்புக்கும் டோக்கன் கொடுக்க ஆரம்பித்தாள். "இதென்ன கோயிலா?" என்று மேனேஜர் முறைத்தார். ஆனால் சண்டை நின்றுபோனதால் விட்டுவிட்டார். அம்மாவின் இடத்தில் நனைந்த ரப்பரும் தோலும் பினாயிலும் கலந்த ஒரு வாடை எப்போதும் இருக்கும். வீட்டுக்கு வந்தாலும் அவள் கையில் இருக்கும்.

இனி அப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. காலையில் தபால் எடுக்கப் பஜாருக்குப் போகும் எஸ்டேட் ஜீப்பில் ரைட்டர் அவரை ஏற்றிக்கொள்வார். முதல் நாள் அம்மா வேலை செய்வதைப் பார்க்கத்தான் வந்தார். ஆனால் கடைக்குள் போகவில்லை. எதிரே டீக்கடை, அதன் முன்னால் ஒரு பெஞ்சு. அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு எழுந்து நின்றார். அதற்கப்புறம் தினமும் வந்தார், தினமும் நின்றார். காப்பிச் செடியில் வெட்டிய ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, டீக்கடைத் தகரத்துக்குக் கீழே, அம்மாவுக்கு நேர் எதிரே.

டீக்கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். "உக்காருங்கண்ணா, பெஞ்சு சும்மாதான கெடக்குது."

"இருக்கட்டுங்க" என்பார் அப்பா. அவ்வளவுதான். அப்பாவுக்குப் பேச்சு குறைவு. வந்தால் மிளகுக் கொடியைப் பற்றி வரும்.

மத்தியானம் அம்மா சாப்பிடுவதற்காகப் பின்னால் குடோனுக்குப் போவாள். அங்கே சர்க்கரை மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவாள். அந்த நேரம் மட்டும் அப்பா பெஞ்சில் உட்காருவார். அம்மா திரும்பி மேஜைக்கு வந்ததும் எழுந்துவிடுவார். இதைப் பஜார் முழுக்கக் கவனித்திருந்தது. ஆள் கண்ணில் படாதபோது காவல் எதற்கு, அதான் உட்காருகிறான் என்று கணக்குப் போட்டுக்கொண்டார்கள். கணக்கு அத்தனை பொருத்தமாக இருந்ததால் யாரும் அவரிடம் கேட்கவே இல்லை. காலொடிந்தவனுக்குப் பொண்டாட்டி சம்பாதித்துப் போட்டால் சந்தேகம் வரத்தான் செய்யும் என்று பெரிய மனுஷர்கள் எல்லாம் பேசினார்கள். பில் போடும் பெண்கள் அப்பாவைப் பார்த்ததும் ஒருத்தியை ஒருத்தி இடிப்பார்கள். லாட்ஜ் சமையல்காரர் ஒருவர் பையை அம்மா கையில் கொடுக்கக் கூச்சப்பட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுவார். வேடிக்கைதான், மற்றவர்களுக்கு.

மேனேஜர் ஒருநாள் அம்மாவைக் கூப்பிட்டார். நான் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தேன்.

"இங்க பாரும்மா, வேலையில உன்மேல ஒரு குறையும் இல்ல. ஆனா உன் ஊட்டுக்காரர் இப்படி நின்னா கடைக்கு வர்றவங்க என்ன நெனப்பாங்க? வர்ற சனிக்கெழம முதலாளி வர்றார். அன்னைக்கு அவர் அங்க நின்னார்னா, உன்னைப் பத்தி நான் வாயே தொறக்க முடியாது. சொல்லிட்டேன்."

அன்று ராத்திரி அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சாப்பிடாமல் கேட்டாள். "நான் என்னங்க தப்புப் பண்ணிட்டேன்? ஊரே சிரிக்குது. எதுக்கு இப்படிக் காவல் நிக்கறீங்க?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "காவலா?" என்றார். அவர் முகம் என்னவோபோல் ஆகிவிட்டது. மறுநாள் ஜீப் ஏற மாட்டார் என்று நானும் தம்பியும் நினைத்தோம். ஏறிவிட்டார்.

சனிக்கிழமை காலையிலேயே அம்மா என்னிடம் சொன்னாள். "கண்ணு, இன்னைக்கு ஒரு நாளைக்காவது அப்பாவை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு. அழுதாவது கூட்டிட்டுப் போ." எனக்கு அழுகை நன்றாக வரும் என்று அவளுக்கு நம்பிக்கை.

நான் போய் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "ஊட்டுக்குப் போலாம் வாங்கப்பா. முதலாளி பாத்தா அம்மாவுக்கு வேலை போயிரும்."

அப்பா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கம்மா காலையில இருந்து ஒருவாட்டியாவது உக்காந்தாளா, நீ பாத்தியா சாமி?" என்று கேட்டார். நான் கேட்டதற்கு இது பதிலில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அழுதேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பனியும் இறங்கி, எதிரே கடைக்குள் எரிந்த விளக்குகள் மட்டும்தான் தெரிந்தன. தகரத்திலிருந்து கொட்டும் தண்ணீர் பார்வையை மறைக்கிறதென்று அப்பா வெளியே வந்து, மழையில் நின்றார்.

முதலாளியின் கார் வந்தது. முதலாளியும் அவர் மனைவியும் இறங்கினார்கள். வாசலில் டோக்கனோடு அடுக்கியிருந்த செருப்புகளைப் பார்த்து முதலாளி திகைத்து நின்றார். முதலாளியம்மா சிரித்துக்கொண்டே தன் செருப்பைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினார். வேறு வழியில்லாமல் முதலாளியும் கழற்றினார். மேனேஜர் பின்னாலேயே கழற்றினார், அவருக்கு அதுதான் முதல் தடவை. பிறகு முதலாளியம்மா கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார்.

"யாருங்க அது, இந்த மழையில நனஞ்சுட்டு நிக்கறது? காலு வேற முடியாதவரு மாதிரித் தெரியுது."

மேனேஜர் குடையைத் தேடினார், அப்பாவை விரட்டத்தான். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "எங்க ஊட்டுக்காரருங்க" என்றாள். வேலை அந்த நொடியே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னாளாம். பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"அப்ப உள்ள கூப்பிடும்மா!"

அம்மா வாசலுக்கு வந்து கையசைத்தாள். அப்பா நொண்டி நொண்டிச் சாலையைத் தாண்டி வந்தார், நானும் கூடவே. படி வரை வந்தவர் நின்றுவிட்டார். எல்லோர் பாதங்களையும் பார்த்தார், தன் பூட்ஸைப் பார்த்தார்.

"இதைக் கழட்டுனா நிக்க முடியாதுங்க" என்றார், முதலாளியம்மாவிடம்.

அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். தினமும் ராத்திரி அந்த வாரை அவிழ்த்துவிடுகிறவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் அப்பா மாதா கோயில் படியில் வெளியேதான் உட்காருவார், அதுவும் அவளுக்குத் தெரியும். ஊரே செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற கடைக்குள் இவர் எப்படி வருவார் என்று அத்தனை நாளும் அவளுக்குத் தோன்றவில்லை. கோபத்தில்தான் உள்ளே வரவில்லை என்று நினைத்திருந்தாள்.

அப்பா இடது கால் செருப்பை மட்டும் கழற்றினார். அம்மா குனிந்து அதை வாங்கிப் பெட்டியில் வைத்தாள். கைப்பழக்கத்தில் ஒரு டோக்கனை எடுத்து நீட்டினாள். அவரும் மரியாதையாக வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். வெள்ளைத் தரையில் ஒரு வெறுங்காலும் ஒரு பூட்ஸுமாகச் சேற்றுத் தடம் விழுந்தது. சோப்பு, பிஸ்கட் எதையும் அவர் பார்க்கவில்லை. நேராக மேஜையைச் சுற்றிக்கொண்டு அம்மா நிற்கும் இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தார்.

"இங்க ஒரு முக்காலி கூடப் போடலீங்களா?"

முதலாளிக்குப் புரியவில்லை. "எதுக்கு?" என்றார்.

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நிக்கறாளுங்க. நான் எதுத்தாப்புல இருந்து பாத்துட்டுத்தான் இருக்கறேன். சோறு திங்கற நேரம் தவுர உக்காரவே மாட்டேங்கறா. உக்காரக் கூடாதுங்களா, இல்ல உக்கார எடமில்லீங்களா?"

"அதுக்காகவா தெனமும் வெளிய நிக்கறீங்க?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"அவ நிக்கறப்ப நான் எப்படிங்க உக்கார்றது?"

பில் போடும் பெண்களில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். "கம்பெனியில அப்படி ஒரு வழக்கம் இல்லீங்க. கஸ்டமர் நிக்கறப்ப நாம உக்காந்திருந்தா அவங்களுக்கு மரியாதை கொறச்சல்" என்றார்.

"அது சரிங்க" என்றார் அப்பா. "நானும் அதுக்குத்தாங்க நிக்கறேன்."

அதோடு முதலாளி மனம் மாறி நாற்காலி வாங்கிப் போட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அம்மாவுக்கு வேலை நிரந்தரமானது, முதலாளியம்மா சொன்னதால். சேலத்திலிருந்து செருப்புக்கு ஒரு இரும்பு ஸ்டாண்டு வந்தது, அந்த யோசனை தன்னுடையது என்று மேனேஜர் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார். முக்காலி வரவில்லை. அன்று சாயங்காலம் அப்பா ஒற்றைச் செருப்பை மறந்துவிட்டு ஜீப் ஏறிப் போக, அம்மா அதைத் தன் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தாள். அந்த டோக்கனைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தார்களா, தம்பி விளையாடித் தொலைத்தானா என்று இன்றுவரை தெரியாது.

ஜூன் மாதம் டீக்கடைக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்றில் குடியேறினோம். அப்பாவுக்கு மிளகு வியாபாரி ஒருவரிடம் தரம் பிரிக்கும் வேலை கிடைத்தது. அதையும் அவர் நின்றுகொண்டே செய்தார் என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள், உட்கார்ந்துதான் செய்தார். ஆனால் சாயங்காலம் அம்மா வீடு வந்து பலகையில் உட்காரும்வரை அவர் சாப்பாட்டுக்கு உட்கார மாட்டார். அம்மா ஓய்வு பெறும்வரை அந்த வாசலில்தான் நின்றாள். அவள் கெண்டைக்காலில் நரம்புகள் பச்சைப் பச்சையாகச் சுருண்டு கிடப்பதை உங்களில் என் வீட்டுக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அப்பா போய்ச் சேர்ந்து பல வருடங்களாகின்றன.

காவல் நின்றார் என்று எழுதியவளே, இது உனக்குத்தான். உன்மேல் கோபம் இல்லை. நாம் சின்னப் பிள்ளைகள், பெரியவர்கள் சொன்னதைத்தான் நம்பினோம். ஆனால் இனி அப்படி எழுதாதே.

முடிக்கும் முன் ஒன்று. நீங்கள் படம் போட்ட அந்தப் புதுக் கடைக்கு நேற்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. அம்மா வாசலில் செருப்பைக் கழற்றினாள். செக்யூரிட்டி தம்பி, "செருப்போடவே வாங்கம்மா" என்றார். அம்மா கேட்கவில்லை. பை வாங்கும் இடத்தில், நம் மகள்கள் வயதில் ஒரு பெண் நின்றிருந்தாள். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று சில வருடங்களுக்கு முன் சட்டம் வந்ததே, அதனால் அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருந்தது. அதன்மேல் கஸ்டமர்களின் பைகள் குவிந்திருந்தன.

செக்யூரிட்டி தம்பி அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா."

"இருக்கட்டுங்க" என்றாள் அம்மா. பிறகு மேஜைப் பக்கம் திரும்பினாள். "ஏங்கண்ணு, அந்தப் பையையெல்லாம் கீழ எறக்கி வெய்யி."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் பைகளை இறக்கி வைத்தாள்.

"உக்காரு."

"இல்லீங்கம்மா, பழக்கமில்லீங்க."

"உக்காரு கண்ணு. நான் நிக்க முடியாதவ."

அவள் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலி நுனியில் மெல்ல உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் அம்மா உட்கார்ந்தாள்.